ஏழாம் நம்பர் மலையின் கடைசி நிரை

திருச்சி விமான நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "யாரைப் பாக்க வந்தீங்க?" என்று கேட்டார்.

"தம்பியை."

"அவர் எங்க இருக்கார்?"

"செத்துட்டான். போன வருசம்."

அப்போதுதான் அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "அப்ப எதுக்கு வந்தீங்க?"

"அவன் செஞ்ச விளையாட்டு கொஞ்சம் கெடக்கு. அதை எடுக்கணும்."

மரக்குதிரை, தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்திருப்பார். சீல் குத்திக் கொடுத்துவிட்டார். நானும் விளக்கம் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும் என்பது என் வழக்கம்.

விஷயம் இதுதான். என் தம்பி முத்துராஜ் எழுபதுகளில் எங்கள் சிலோன் தேயிலைத் தோட்டத்தை விட்டு இந்தியா போனவன். கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் அறையைக் கூட்டித் துடைக்கிற வேலை கிடைத்தது. அங்கே படித்த வெளிநாட்டுப் பிள்ளைகள் ஒரு புரோகிராமைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதை வைத்து யார் வேண்டுமானாலும் சொந்தமாக கேம் செய்யலாமாம். அப்படிச் செய்கிறவர்கள் பல தேசத்தில் இருந்தார்களாம். செய்ததை ஒருத்தருக்கொருத்தர் அனுப்பி விளையாடிக்கொள்வார்களாம். பிறகு அந்தப் புரோகிராம் பழசாகிவிட்டது. எல்லாரும் மறந்துவிட்டார்கள். இப்போது சில பேர் அந்தப் பழைய கேம்களைத் தேடிப் பிடித்து, அழியாமல் இன்டர்நெட்டில் சேர்த்து வைக்கிறார்கள். யாரோ ஒரு மாணவன் கொண்டுபோன என் தம்பியின் இரண்டு சின்ன கேம்கள் அவர்கள் கையில் சிக்கின. மீதி எங்கே என்று கேட்டு, அந்தப் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்து ஓய்வுபெற்ற அருளப்பனுக்கு எழுதியிருக்கிறார்கள்.

மீதி, தம்பி பெண்சாதி பாக்கியத்திடம் இருந்தது. அருளப்பன் இரண்டு தடவை போய்க் கேட்டும் அவள் கொடுக்கவில்லை. "அவரு அக்கா கையிலதான் குடுக்கணும்னு சொல்லிட்டுச் செத்தாரு. அக்கா வரட்டும்" என்று சொல்லிவிட்டாள். நான் வரமாட்டேன் என்கிற தைரியம். முப்பது வருசமாக எனக்கும் தம்பிக்கும் பேச்சு இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அவன் போன புதிதில் நாலைந்து கடிதம் போட்டான். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கூட்டிப் படித்தேன். பதில் போடவில்லை.

அருளப்பன் கொழும்பில் இருக்கிற என் மகளுக்கு எழுதி, மகள் எனக்குச் சொன்னாள். நான் வருவேனா மாட்டேனா என்பதை இன்னொருத்தி முடிவு செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் வந்தேன்.

முதல் நாள் பழனியில் தங்கினேன். இவ்வளவு தூரம் வந்து முருகனைப் பார்க்காமல் போனால் ஊரில் கேட்பார்கள். இழுவை ரயிலுக்கு நீளமான வரிசை. பஞ்சாமிர்தக் கடைக்காரர் ஒருவர், "பாட்டி, படியேறாதீங்க, விஞ்சுல போங்க" என்றார்.

"நான் மலையில பொறந்தவ. நீங்க விஞ்சுல போங்க" என்றேன்.

மெதுவாக ஏறினேன். எனக்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் முன்னால் போனார்கள். போகட்டும். சாமி எங்கேயும் போய்விடாது. இறங்கி வந்தபோது அதே கடைக்காரர் ஒரு வாழையிலைத் துண்டில் பஞ்சாமிர்தம் வைத்துக் கொடுத்தார். "சிலோனா? அங்க சண்டையெல்லாம் நின்னுருச்சா?" என்றார்.

"எங்க பக்கம் சண்டை இல்லங்க. மழைதான்."

பஞ்சாமிர்தம் நன்றாகத்தான் இருந்தது. மலைவாழையும் நாட்டுச் சர்க்கரையும் சேர்ந்து நாக்கில் ஒட்டியது. ஆனால் நம் ஊர் கித்துள் பனைக் கருப்பட்டியின் புகைவாசம் இதில் இல்லை. மகளுக்கு ஒரு டின் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் கொடைக்கானல் பஸ் பாதி மலையில் நின்றது. ரேடியேட்டர் கொதித்துவிட்டது. கண்டக்டர் ஒவ்வொருத்தரிடமும் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு வந்தார். என் கையில் பிளாஸ்க் இருந்தது.

"இதுல தேத்தண்ணி. ஊத்தினா பஸ் ஓடுமா?" என்று கேட்டேன்.

"டிரைவர் அண்ணனுக்கு ஊத்துங்க பாட்டி. கண்டிப்பா ஓடும்" என்றார். பஸ்ஸே சிரித்தது. ஊற்றிக் கொடுத்தேன். டிரைவர் குடித்துவிட்டு, "என்னாங்க பாட்டி, இம்புட்டு கசப்பு" என்றார். தேயிலையை அறியாத வாய்.

இந்த மலைகளில் தேயிலை இல்லை. யூகலிப்டஸும் பைனும் காபியுமாக நிற்கின்றன. எங்கள் பக்கம் ஒவ்வொரு மலையும் வாரிச் சீவின தலை மாதிரி வரிசையாக இருக்கும். இங்கே மலை உடுப்பில்லாமல் நிற்பது போல எனக்குத் தோன்றியது. ஆனால் குளிர் ஒன்றுதான். மூடுபனி வந்து மூக்கில் உட்கார்ந்ததும் ஊரில் இருப்பது போலவே இருந்தது.

மூன்றாம் நாள் காலை பாக்கியம் இருக்கிற பேத்துப்பாறைக்கு ஜீப்பில் போனேன். அவள் வாழைத்தோட்டத்தில் கூலி வேலை பார்ப்பவள். வீட்டு வாசலில் மிளகு காயப்போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் அதுவரை பார்த்ததில்லை.

"வாங்க மதினி. எளைச்சுப் போயிட்டீங்கன்னு சொல்லலாம்னா, முன்னப்பின்ன பாத்திருந்தாத்தானே" என்றாள்.

"அவன் மூக்கு எனக்கும் இருக்கே, அதை வச்சுக் கண்டுபிடிச்சியா?"

"மூக்கை வச்சு இல்ல. நிக்கிற மொறப்ப வச்சு." பிறகு மிளகை ஒதுக்கி எனக்கு வழி விட்டாள். "கொஞ்சம் வெள்ளனே வந்திருக்கலாம்ல மதினி? ஒரு முப்பது வருசம் வெள்ளனே?"

பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய் இலை போட்டாள். சோறு, பட்டர் பீன்ஸ் குழம்பு, வாழைப்பூப் பொரியல். பட்டர் பீன்ஸ் நான் அதுவரை தின்றதில்லை. வெண்ணெய் மாதிரி கரைந்தது. இரண்டாவது தடவை கேட்டு வாங்கினேன். நான் அப்படிக் கேட்கிறவள் இல்லை.

சாப்பிட்டு முடித்ததும் பாக்கியம் முக்காலி மேல் ஏறி, அடுப்புக்கு மேலே தொங்கிய மூங்கில் தட்டியிலிருந்து ஒரு துணி மூட்டையை இறக்கினாள். அந்தத் தட்டியில் பூசணி விதை, அவரை விதை, மக்காச்சோளக் கதிர், தீப்பெட்டிகள் எல்லாம் இருந்தன. அவற்றோடுதான் இதுவும் இருந்திருக்கிறது. மூட்டைக்குள் பதினொரு ஃபிளாப்பி. சதுரமான பிளாஸ்டிக் வில்லைகள். எல்லாவற்றின் மேலும் கரி படிந்திருந்தது.

"அடுப்புக்கு மேலயா வச்சிருந்த?"

"இந்த ஊரு ஈரத்துக்கு வேற எங்க வைக்க? வெதையே கெடாத எடத்துல இது கெட்டுருமாக்கும்?" என்றாள்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நாங்களும் தோட்டத்து லய வீட்டில் பிறப்புப் பத்திரத்தை அப்படித்தான் வைத்திருந்தோம்.

"இதுல என்னா இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"யாருக்குத் தெரியும்? ஞாயித்துக்கெழமை சர்ச்சுக்கு எல்லாரும் போனதும் அந்தப் பொட்டி முன்னால உக்காந்துருவாரு. அருளப்பன் சார் சாவி குடுத்துருவாரு. எங்கிட்டப் பேசினத விட அதுகிட்டப் பேசினதுதான் அதிகம்." மூட்டையைக் கட்டி என் கையில் கொடுத்தவள், உடனே விடவில்லை. "தொறந்து பாத்தா எனக்கு ஒரு வார்த்த சொல்லி விடுங்க மதினி. என்னப் பத்தி ஏதாச்சும் இருக்கான்னு."

திரும்பி வரும் ஜீப்பில் பதினான்கு பேர். மடியில் ஒருத்தர் மிளகுச் சாக்கை வைத்துவிட்டார். எனக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டி இருந்தது. சமமான இடம் அது ஒன்றுதான். மூட்டையை அதன் மேல் வைத்து, விழாமல் கையால் பிடித்துக்கொண்டேன். பாட்டுக்குத் தக்கபடி மூட்டை துடித்துக்கொண்டே வந்தது.

அருளப்பன் வட்டக்கானலில் இருக்கிறார். வீட்டின் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறார். ஒன்றில் நான், இன்னொன்றில் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர். அருளப்பனை நான் மாஸ்டர் என்று கூப்பிட்டேன். அங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை, சார் என்பார்கள். அவர் மூட்டையைப் பிரித்தபடி பயணம் எப்படி இருந்தது என்று கேட்டார். ஸ்பீக்கர் பெட்டி வரை சொன்னதும் அவர் கை நின்றது.

"ஸ்பீக்கர் மேலயாம்மா வச்சீங்க?"

"ஆமா. ஏன், சத்தம் ஆகாதா?"

"சத்தம் இல்லம்மா. ஸ்பீக்கர் உள்ள காந்தம் இருக்கு. ஃபிளாப்பியில எழுதறதும் காந்தத்தாலதான். கிட்ட வேற காந்தம் வந்தா அழிஞ்சிரும்." மறுபடி மூட்டையைப் பிரிக்கத் தொடங்கினார். மரியாதை தெரிந்த மனிதர். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் திரும்பி வருகிற சாமான் இல்லை அது.

நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் அவர் அதிலேயே உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வில்லையையும் மெதுவாகப் பிளந்து, உள்ளே இருந்த மெல்லிய கறுப்பு வட்டத்தைப் பஞ்சால் துடைத்து, வேறு சுத்தமான உறையில் மாற்றிப் போடுவார். பழைய கம்ப்யூட்டர் அதை வாங்கிக்கொண்டு கர் கர் என்று முனகும். நடுவில் கரண்ட் போகும். மறுபடி முதலிலிருந்து. பொறுமையான வேலை. எனக்கு அந்த வேலை பிடித்தது. காலையில் ரொட்டியும் ஆம்லெட்டும் தந்தார். ரொட்டி என்றால் இங்கே கடையில் விற்கிற பிரெட், நாங்கள் பாண் என்போம். தேங்காய் போட்டுத் தட்டுகிற நம் ரொட்டியை ஒரு நாள் நான் சுட்டுக் கொடுத்தேன். வெள்ளைக்காரர் நாலு தின்றார்.

பதினொன்றில் மூன்று திறந்தன. எட்டு போயிற்று. அடுப்பு பாதி, நான் பாதி.

முதலாவதில் ஒரு பஸ் மட்டும் மலை ரோட்டில் போய்க்கொண்டே இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. இரண்டாவதில் ஒரு வாழைத்தோட்டம். படம் என்று நினைக்கக் கூடாது. எல்லாம் எழுத்தும் புள்ளியும் கோடும்தான். யானை ஒரு பெரிய எழுத்து. அது வாழைக்குள் வரும். ஒரு பெண் தகரத்தைத் தட்டி விரட்டுவாள். விரட்டினால் ஒரு குலை மிஞ்சும்.

பேத்துப்பாறை டீக்கடைக்குப் போன் போட்டு பாக்கியத்தைக் கூப்பிடச் சொன்னேன்.

"நீ இருக்க" என்றேன். "யானையை வெரட்டுற."

"நானா? தகரத்தத் தட்டிக்கிட்டா?"

"ஆமா."

"செயிக்கிறேனா மதினி?"

"மாஸ்டர் வெளையாடினா தோத்துப் போற. வெள்ளைக்காரர் வெளையாடினா செயிக்கிற."

"அப்ப அவரையே வெளையாடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

மூன்றாவதுதான் பெரியது. பெயர் 'ஏழாம் நம்பர் மலை'. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தான். மாஸ்டர் வாசித்துச் சொன்னார். எனக்கு வாசிக்காமலே தெரிந்தது. தோட்டத்தில் தேயிலைக் காடுகளை மலை என்போம், ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு. திரை முழுக்கச் சீட்டுக்கட்டுக் கிளாவர் குறி, பச்சை நிறத்தில், வரிசை வரிசையாக. அவைதான் தேயிலைச் செடிகள். சிரித்த முகம் ஒன்று விளையாடுகிறவர். செடி வரிசைக்கு நாங்கள் நிரை என்று சொல்வோம். அவர் தன் நிரையில் நடந்தால் கொழுந்து கூடைக்குள் விழும். கீழே கொழுந்து நிறுக்கிற இடம், அதற்கு ஒரு கதவு. அங்கே கங்காணி நின்று, "எல்லாரும் முடிச்சாச்சா?" என்று கேட்பார். கதவு திறக்காது.

மாஸ்டர் விளையாடினார். கதவு திறக்கவில்லை. வெள்ளைக்காரர் அரை நாள் விளையாடினார். திறக்கவில்லை. அவர் ஏதோ சொன்னார்.

"'இது முடிக்காம விட்ட கேம், கதவைத் திறக்க வழியே எழுதல'ங்கிறார்" என்று மாஸ்டர் சொன்னார். "எனக்கும் அப்படித்தாம்மா தோணுது. முடிவு இல்லைன்னு குறிப்பு போட்டு அனுப்பிரலாம். அவங்ககிட்ட அப்படி நெறைய இருக்கு."

என் தம்பி மேல் ஆயிரம் குற்றம் சொல்லலாம். எடுத்த வேலையைப் பாதியில் விட்டான் என்று சொல்ல முடியாது. அதை வெளிதேசத்துக்காரர்கள் எழுதி, எல்லாரும் பார்க்கிற இடத்தில் வைக்கப்போகிறார்கள். எட்டை நான் அழித்தது போதாதென்று மீதியும் இப்படிப் போவதா?

"பக்கத்துல, கடைசி நிரையில மேல நிக்கிற பொம்பளை யாரு?" என்று கேட்டேன்.

"தெரியலம்மா. கிட்டப் போனா ஒரு வார்த்தை வரும். அவ்வளவுதான்." செய்து காட்டினார். சிரித்த முகம் அவளுடைய நிரைக்குள் நுழைந்து, பின்னாலிருந்து போய் அவளைத் தொட்டது. திரையில் எழுத்து வந்தது. மாஸ்டர் வாசித்தார். "போ."

நான் எழுந்து வெளியே போய் வாசல் கல்லில் உட்கார்ந்தேன். பனி வந்து பள்ளத்தை மூடிக்கொண்டிருந்தது.

தம்பி இந்தியாவுக்குப் போகப் பெயர் கொடுத்ததை என்னிடம் சொல்லவில்லை. அம்மா செத்த பிறகு எங்களுக்கு வேறு யாரும் இல்லை. கங்காணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவன் புறப்படுகிற நாள் காலை நான் ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். அவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் நிரைக்குள் பின்னால் ஏறி வந்து, "அக்கா" என்றான். நான் கையை நிறுத்தவில்லை. திரும்பவும் இல்லை. "போ" என்றேன். போய்விட்டான். அவ்வளவுதான் நடந்தது.

ஆறாம் நாள் காலை மாஸ்டரை மறுபடி கம்ப்யூட்டரைப் போடச் சொன்னேன். வெள்ளைக்காரரும் தட்டில் வாழைப்பழக் கஞ்சியோடு வந்து நின்றார்.

"நீங்க போற வழி தப்பு" என்றேன். "ஒருத்தி நிரையில பின்னால நுழையக் கூடாது. அது அவ கொழுந்தைத் திருடுற மாதிரி. நீ மெதுவா எடுக்கிறன்னு சொல்லிக் காட்டுற மாதிரி. அப்படி வந்தா யாரும் போன்னுதான் சொல்லுவாங்க."

"அப்ப எப்படிம்மா?"

"நம்ம நிரை முடிஞ்சதும் மலையைச் சுத்தி மேல போகணும். அவ நிரையோட அந்தத் தலையில நொழைஞ்சு, அவளுக்கு முகம் பாத்து எடுத்துக்கிட்டே வரணும். நடுவுல ரெண்டு பேரும் சந்திச்சா நிரை முடிஞ்சிரும். எங்க கூட்டத்துல கை குடுக்கிறதுன்னா அதுதான். கடைசி ஆள் முடிக்காம யாரும் கொழுந்து நிறுக்க மாட்டோம். அதைத்தான் கங்காணி கேக்கிறாரு, 'எல்லாரும்'னு."

"சுத்திப் போக வழி இல்லையேம்மா. ஓரத்துல பூரா தண்ணி." நீலக் கோட்டைக் காட்டினார்.

"அது கான். மழைத் தண்ணி வடியிற கால்வா. மத்த நாள்ல அதுக்குள்ளதான் நடப்போம். எறங்குங்க."

இறங்கினார். சிரித்த முகம் நீலக் கோட்டுக்குள் போயிற்று. வெள்ளைக்காரர் கஞ்சித் தட்டைக் கீழே வைத்தார். மேலே ஏறி, வளைந்து, கடைசி நிரையின் மறு தலையில் நுழைந்தது. பச்சைக் கிளாவர்கள் ஒவ்வொன்றாக நிறம் மாறின. முதல் தடவையாக அந்தப் பெண் நகர்ந்தாள். இரண்டு முகமும் நடுவில் நெருங்கி நின்றன.

மாஸ்டர் வாசித்தார். "வந்துட்டியா."

இன்னும் ஒரு வரி வந்தது. "சரி வா, சேந்து எறங்கலாம்."

இரண்டு பேரும் இறங்கினார்கள். கங்காணி கேட்டதற்கு எழுத்தில் பதில் வந்தது, முடிந்தது என்று. கதவு திறந்தது. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெள்ளைக்காரர் ஏதோ சொன்னார்.

"என்னா சொல்றாரு?"

"'நான் தண்ணின்னு நெனச்சேன்'ங்கிறார்."

"தண்ணிதான். மழை நாள்ல" என்றேன்.

பிறகு குறிப்பு எழுத உட்கார்ந்தோம். நான் சொல்லச் சொல்ல அவர் இங்கிலீஷில் எழுதினார். கான், கை கொடுப்பது, எதிர்ப்பக்கம் எல்லாம். முடிவு உண்டு என்பதை முதல் வரியில் போடச் சொன்னேன். முடித்த பிறகு ஒன்று கேட்டேன்.

"மாஸ்டர், இதை மாத்த முடியுமா? அவன் பின்னால வந்தாலும் அவ திரும்பிப் பாக்கிற மாதிரி?"

அவர் யோசித்தார். "மாத்தறது ஈஸிம்மா. ரெண்டு வரிதான். ஆனா அப்புறம் அது முத்துராஜ் செஞ்ச கேம் இல்ல. எப்படிக் கெடைச்சுதோ அப்படியே வைக்கிறதுதான் அவங்க ரூல்."

"நான் திரும்பியிருக்கலாம்."

"இருக்கலாம்மா. இதுல திரும்பல."

நியாயமான பேச்சு. அப்படியே அனுப்பச் சொன்னேன். மறுநாள் காலை புறப்பட்டேன். பழனி பஸ் அன்றைக்கு நிற்காமல் ஓடியது.

ஊர் வந்து இரண்டு மாதம் கழித்து, தீபாவளிக்கு வந்த மகள் என்னை டவுன் இன்டர்நெட் கடைக்குக் கூட்டிப்போனாள். வரிசையாகக் கேம் பெயர்கள். அதில் ஏழாம் நம்பர் மலையும் இருந்தது. கீழே விளையாடினவர்கள் எழுதியிருந்தார்கள். மகள் வாசித்துச் சொன்னாள். ஒருத்தர், "முதலில் போ என்றாள், பிறகு சுற்றிப் போய்க் கூட்டி வந்தேன்" என்று எழுதியிருந்தார். இன்னொருத்தர், "கூடை நிறைந்தது, இருவரும் இறங்கினோம்" என்று. ஆறு பேர். நான் பெயர் கேட்டறியாத ஊர்க்காரர்கள். ஆறு தடவை நான் அந்த மலையிலிருந்து இறங்கியிருக்கிறேன்.

கடைசியில் ஒரு பெண் எழுதியிருந்தாள். குறிப்பைப் படித்தும் அவளுக்கு விளங்கவில்லையாம். மறு தலைக்கு எப்படிப் போவது, அந்தப் பெண் அங்கேதான் இருப்பாளா என்று கேட்டிருந்தாள். பதில் எழுதுகிற இடம் காலியாக இருந்தது.

"என்னம்மா எழுதட்டும்?" என்றாள் மகள்.

"கானுக்குள்ள எறங்கி மேல வரச் சொல்லு" என்றேன். "முகம் பாத்து வரச் சொல்லு. நான் அங்கதான் நிக்கிறேன்னு எழுது."